இஞ்சினியரிங் படித்தவர் உளவியலுக்கு மாறலாமா?
ஆன்லைன் கன்வர்ஷன் எம்.எஸ்ஸி.: தேர்ந்தெடுக்கவும் திட்டமிடவும் ஒரு வழிகாட்டி



பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, "மெக்கானிக்கலா, எலக்ட்ரிக்கலா, சிவிலா?" என்று பதினைந்து வயதில் எடுத்த முடிவுதான் நம்மில் பலரை இந்தப் பாலிடெக்னிக் வாசலுக்குக் கொண்டு வந்திருக்கிறது. படிக்கப் படிக்கச் சிலருக்கு வேறொன்று புரியத் தொடங்குகிறது. லேத் மெஷினைவிட, அந்த லேத்தின் முன்னால் நின்று எட்டு மணி நேரம் வேலை பார்க்கிறவர் ஏன் ஏழாவது மணியில் தவறு செய்கிறார் என்பதுதான் தனக்குச் சுவாரஸ்யமாக இருக்கிறது என்று. "அப்ப நான் தப்பான படிப்புக்கு வந்துட்டேனா சார்?" என்று கேட்கிறவர்களும் உண்டு.

இல்லை, தம்பி. ஒரு துறையில் நுழைந்தவர் இன்னொரு துறைக்கு மாறுவதற்கென்றே பிரிட்டனில் ஒரு படிப்பு இருக்கிறது. அதன் பெயர் கன்வர்ஷன் எம்.எஸ்ஸி. வேறு பாடத்தில் பட்டம் பெற்றவர் உளவியலுக்கு மாற உதவும் முதுகலைப் படிப்பு அது. வேலை பார்த்துக்கொண்டே வீட்டிலிருந்து ஆன்லைனில் படிக்கும் வசதியும் பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. நம் பாலிடெக்னிக்குகளில் டிப்ளமோ முடித்து, பிறகு பி.இ. முடித்து, வேலைக்காகவோ திருமணமாகியோ பிரிட்டனில் குடியேறியவர்கள் இதைப் பற்றி அடிக்கடி விசாரிக்கிறார்கள். இங்கிருந்தபடியே சேரலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இரு சாராருக்கும் பயன்படும் என்பதால் இக்கட்டுரை.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பட்டம் ஒரு பாலம். அதைக் கடந்ததும் ஊர் வந்துவிடாது. அக்கரையிலிருந்து இன்னும் நடக்க வேண்டும். எனவே எந்த ஊருக்குப் போகிறோம் என்று முடிவு செய்த பிறகே பாலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆழம் தெரியாமல் காலை விட்டால் நஷ்டப்படுவது பணம் மட்டுமல்ல, வாழ்க்கையின் இரண்டு மூன்று ஆண்டுகளும்தான்.

1. கன்வர்ஷன் என்றால் என்ன?

எலக்ட்ரிக்கல் மாணவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். வீட்டுக்கு வருவது ஏ.சி. மின்சாரம். ரேடியோவுக்கு வேண்டியது டி.சி. நடுவில் ரெக்டிஃபையர் வேண்டும். வந்த மின்சாரத்தை அது வீணாக்குவதில்லை. பயன்படும் வடிவத்துக்கு மாற்றித் தருகிறது. அதேபோல் கன்வர்ஷன் படிப்பு உங்கள் பழைய பட்டத்தைத் தூக்கி எறியச் சொல்வதில்லை. உளவியலில் மூன்று ஆண்டு பி.எஸ்ஸி. படித்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அடிப்படைகளைச் சுருக்கி, முதுகலைத் தரத்தில் கற்றுத் தருகிறது.

ஆனால் ரெக்டிஃபையர் மட்டும் பாட்டுப் பாடாது! அதன் பின்னால் ரேடியோவை இணைக்க வேண்டும். அந்த ரேடியோதான் இதற்குப் பிறகு நீங்கள் பெறப்போகும் தொழிற்பயிற்சி. இதை மறந்து, "எம்.எஸ்ஸி. சைக்காலஜி முடித்தால் சைக்காலஜிஸ்ட்" என்று நினைப்பதுதான் இந்தத் துறையில் மிகப் பரவலான தவறான எண்ணம்.

2. தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு அமைப்புகள்

முதலாவது, பிரிட்டிஷ் சைக்கலாஜிகல் சொசைட்டி. சுருக்கமாக பி.பி.எஸ். 1901-ல் தொடங்கப்பட்டு 1965-ல் அரச சாசனம் பெற்ற சங்கம். எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் படிப்பு தன் தரத்துக்கு ஏற்றது என்று பார்த்து அங்கீகாரம் தருவது இதுதான். அங்கீகாரம் பெற்ற கன்வர்ஷன் படிப்பை உரிய மதிப்பெண்ணோடு முடித்தால் ஜி.பி.சி. என்ற அடிப்படைத் தகுதி கிடைக்கும். சார்ட்டர்ட் உறுப்பினர் என்ற நிலையை நோக்கிச் செல்ல இதுதான் முதல் படி. பிரிட்டனில் உளவியல் சார்ந்த பெரும்பாலான மேற்பயிற்சிகளுக்கு விண்ணப்பிக்கும்போது முதலில் கேட்பதும் இதைத்தான். கன்வர்ஷன் படிப்பில் மொத்தத்தில் 50 சதவீதமும், ஆராய்ச்சி பிராஜெக்டில் தேர்ச்சியும் வேண்டும். மற்றப் பாடங்களில் எவ்வளவு வாங்கினாலும் பிராஜெக்டில் தவறினால் ஜி.பி.சி. இல்லை.

இரண்டாவது, ஹெல்த் அண்ட் கேர் புரொஃபஷன்ஸ் கவுன்சில், அதாவது எச்.சி.பி.சி. உளவியலாளர்களைப் பதிவு செய்யும் பொறுப்பு 2009-ல் இந்தக் கவுன்சிலுக்கு வந்தது. கிளினிக்கல், கவுன்சிலிங், எஜுகேஷனல், ஃபொரென்சிக், ஹெல்த், ஆக்குபேஷனல், ஸ்போர்ட் அண்ட் எக்சர்சைஸ் ஆகிய ஏழு பிரிவுகளின் பட்டப்பெயர்களும் சட்டப் பாதுகாப்பு பெற்றவை. இங்கே பதிவு செய்யாமல் ஒருவர் தன்னைக் 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று அழைத்துக்கொண்டால் அது பிரிட்டனில் குற்றம்.

ஜி.பி.சி. என்பது படிப்பின் தகுதி. எச்.சி.பி.சி. பதிவு என்பது தொழில் செய்யும் உரிமை. முதலாவது கிடைத்தால் இரண்டாவது தானாக வந்துவிடாது. இடையில் ஆண்டுக்கணக்கில் பயிற்சி இருக்கிறது.

3. முதலில் போகும் ஊரைத் தீர்மானியுங்கள்

"எனக்கு சைக்காலஜி பிடிக்கும் சார்" என்பது மட்டும் போதாது. எதற்காகப் படிக்கிறோம் என்பதை ஒரு வரியில் எழுத முடிய வேண்டும். பெரும்பாலும் கீழ்க்கண்டவற்றில் ஒன்றாகவே அது இருக்கும்.

(அ) மனநல மருத்துவமனையில் சிகிச்சை அளிக்க வேண்டும். இதற்கு கிளினிக்கல் சைக்காலஜி டாக்டரேட் தேவை; மூன்று ஆண்டு முழுநேரப் படிப்பு. அதில் சேருவதற்கு முன்பே உதவி உளவியலாளர், ஆதரவுப் பணியாளர் போன்ற வேலைகளில் அனுபவம் எதிர்பார்க்கிறார்கள். போட்டி மிகக் கடுமை. விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலோருக்கு முதல் முறையில் இடம் கிடைப்பதில்லை. இங்கிலாந்தில் பெரும்பாலான இடங்களுக்கு தேசிய சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ். பணம் தருகிறது. ஆனால் வெளிநாட்டு மாணவருக்கு அந்த இடங்கள் பொதுவாகத் திறந்திருப்பதில்லை.

இவ்வளவு நீண்ட வழி வேண்டாம், ஆனால் மனநலத்தில்தான் வேலை வேண்டும் என்றால் இன்னொரு பாதை உண்டு. இங்கிலாந்தில் 2008-ல் தொடங்கி, 2023-ல் 'டாக்கிங் தெரபீஸ்' என்று பெயர் மாற்றப்பட்ட திட்டத்தில், லேசான மனச்சோர்வும் பதற்றமும் உள்ளவர்களுக்கு உதவும் பணியாளர்களை வேலையில் வைத்தே பயிற்றுவிக்கிறார்கள்.

(ஆ) பள்ளிக் குழந்தைகளின் கற்றல் சிக்கல்களைக் கவனிக்க வேண்டும். எஜுகேஷனல் சைக்காலஜி. இங்கிலாந்தில் இதற்கும் மூன்று ஆண்டு டாக்டரேட். குழந்தைகளோடு வேலை பார்த்த அனுபவம் கட்டாயம்.

(இ) தொழிற்சாலை, அலுவலகம், போக்குவரத்து முதலிய இடங்களில் மனிதனுக்கும் இயந்திரத்துக்கும் இடையிலுள்ள உறவைச் சீர்செய்ய வேண்டும். ஆக்குபேஷனல் சைக்காலஜி, ஹியூமன் ஃபேக்டர்ஸ் என்கிற துறைகள். நம் மாணவர்கள் கவனிக்க வேண்டிய பாதை இதுதான் என்பது என் கருத்து. ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படைக்கு ஒரு சிக்கல். கடலில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வீரர்கள், கருவி சரியாக இருந்தும் குறிகளைத் தவறவிட்டார்கள். நார்மன் மேக்வர்த் என்ற ஆய்வாளர் இதைச் சோதிக்க ஒரு கடிகாரம் அமைத்தார். அதன் முள் ஒவ்வொரு விநாடியும் ஒரு படி நகரும். எப்போதாவது ஒருமுறை இரண்டு படி தாவும். தாவியதைக் கண்டவுடன் பட்டனை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். 1948-ல் வெளியான அந்த ஆய்வில் தெரிந்தது என்ன? முதல் அரை மணி நேரத்திலேயே மனிதனின் கண்காணிப்புத் திறன் குறைந்துவிடுகிறது. 'சோம்பேறி' என்று திட்டிப் பயனில்லை. ஷிஃப்டை மாற்றி அமைக்க வேண்டும் என்பதே பாடம்.

கேம்பிரிட்ஜில் 1944-ல் தொடங்கிய பயன்பாட்டு உளவியல் பிரிவு இப்படிப்பட்ட கேள்விகளுக்கென்றே இயங்கியது. இன்றைக்கு ரயில்வே சிக்னல் அறை, விமானத்தின் காக்பிட், அணுமின் நிலையத்தின் கண்ட்ரோல் பேனல், மருத்துவமனையின் இன்ஃப்யூஷன் பம்ப் என எல்லா இடத்திலும் இந்தக் கேள்விகள் இருக்கின்றன. கண்ட்ரோல் பேனலைத் தொட்டுப் பார்த்த இஞ்சினியர் உளவியலும் படித்திருந்தால் அவர் இரண்டு பாஷையும் பேசுவார். நாம் எதைப் பின்னடைவு என்று நினைக்கிறோமோ அதுவே இங்கு மூலதனம்.

இதில் இன்னொரு சௌகரியமும் உண்டு. ஹியூமன் ஃபேக்டர்ஸ் துறையில் நேரடி முதுகலைப் படிப்புகளும் இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு இஞ்சினியரிங் பட்டமே போதும். உங்கள் ஆசை இதுதான் என்றால் கன்வர்ஷன் படிப்பே தேவைப்படாமல் போகலாம்! ஆக்குபேஷனல் சைக்காலஜிஸ்ட் என்ற பாதுகாக்கப்பட்ட பட்டப்பெயர் வேண்டும் என்பவருக்குத்தான் ஜி.பி.சி., அதன்மேல் தனி எம்.எஸ்ஸி., அதற்கும் மேல் மேற்பார்வையோடு கூடிய தொழிற்பயிற்சி என்று போக வேண்டியிருக்கும்.

(ஈ) அறிவுக்காகப் படிக்க வேண்டும், அல்லது இருக்கிற வேலையிலேயே முன்னேற வேண்டும். மனிதவளம், பயிற்சி, விற்பனை, மென்பொருள் வடிவமைப்பு ஆகியவற்றில் இருப்பவர்கள் இப்படி நினைக்கலாம். நல்ல நோக்கம்தான். ஆனால் இதற்கு முழுப் பட்டம் தேவையா, ஒரு சான்றிதழ்ப் படிப்பு போதுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

4. சேருவதற்கு முன் கேட்க வேண்டிய எட்டுக் கேள்விகள்

விளம்பரங்கள் அழகாகத்தான் இருக்கும். கீழ்க்கண்ட கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பல்கலைக்கழகத்திடமும் கேட்டு, பதிலை எழுத்து மூலமாக வாங்குங்கள்.

ஒன்று: இந்தப் படிப்புக்கு பி.பி.எஸ். அங்கீகாரம் இருக்கிறதா? பல்கலைக்கழகம் சொல்வதை மட்டும் நம்பாமல், பி.பி.எஸ். வெளியிடும் அங்கீகாரப் பட்டியலிலும் பாருங்கள். 'அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்துள்ளோம்' என்பதும் 'அங்கீகாரம் பெற்றுள்ளோம்' என்பதும் ஒன்றல்ல.

இரண்டு: அங்கீகாரம் ஆன்லைன் வகுப்புக்கும் உண்டா, நேரடி வகுப்புக்கு மட்டுமா? நான் சேரும் ஆண்டுக்குப் பொருந்துமா?

மூன்று: இது கன்வர்ஷன் படிப்புதானா? பெயரில் 'சைக்காலஜி' இருப்பதெல்லாம் கன்வர்ஷன் அல்ல. மனநலம், நரம்பியல், குழந்தை வளர்ச்சி என்ற பெயர்களில் தரமான ஆன்லைன் எம்.எஸ்ஸி.கள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றைப் படித்து முடித்தாலும் ஜி.பி.சி. கிடைக்காது. ஏமாற்று என்று சொல்ல முடியாது. அவற்றின் நோக்கம் வேறு.

நான்கு: என் பட்டத்தை ஏற்றுக்கொள்வீர்களா? பொதுவாக ஏதேனும் ஒரு பாடத்தில் பிரிட்டிஷ் கணக்கில் இரண்டாம் வகுப்புக்கு இணையான பட்டம் கேட்பார்கள். நம்மூர் சதவீதத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபடும்.

ஐந்து: தேர்வு எப்படி? எல்லாம் கட்டுரைகளா, நேரக் கட்டுப்பாட்டோடு பரீட்சை உண்டா? நேரில் வர வேண்டிய நாட்கள் உண்டா?

ஆறு: பிராஜெக்டுக்கு ஒருவருக்கு ஒருவர் என்று கைடு கிடைப்பாரா? எத்தனை சந்திப்பு?

ஏழு: நடுவில் உடம்பு சரியில்லை, வேலை மாறிவிட்டது என்றால் நிறுத்தி வைத்துத் தொடரலாமா? அதிகபட்சம் எத்தனை ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும்?

எட்டு: கட்டணம் மொத்தமாகவா, பாடவாரியாகவா? பாதியில் விட்டால் என்ன திரும்பக் கிடைக்கும்?

பிரிட்டனில் தொலைநிலைக் கல்விக்கு முன்னோடியான ஓப்பன் யூனிவர்சிடி (1969-ல் நிறுவப்பட்டது), ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகம், டெர்பி பல்கலைக்கழகம் போன்றவை ஆன்லைன் கன்வர்ஷன் படிப்பை நடத்தி வந்திருக்கின்றன. இன்னும் பல உண்டு. பெயருக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டாம். எட்டுக் கேள்விக்கும் தெளிவாகப் பதில் சொல்லும் இடமே நல்ல இடம்.

5. என்ன படிக்க வேண்டியிருக்கும்?

பி.பி.எஸ். எதிர்பார்க்கும் பகுதிகள் இவை: மூளையும் உடலும் சார்ந்த உயிரியல் உளவியல், கவனம், நினைவு, சிந்தனை பற்றிய அறிதல் உளவியல், குழந்தை முதல் முதுமை வரையிலான வளர்ச்சி உளவியல், சமூக உளவியல், ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடுகள், துறையின் வரலாறும் கருத்துச் சிக்கல்களும், ஆராய்ச்சி முறைகளும் புள்ளியியலும். இவற்றோடு சொந்தமாக ஓர் ஆராய்ச்சி பிராஜெக்ட்.

புள்ளியியல் என்றவுடன் மற்றவர்கள் பயப்படுவார்கள். நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளுங்கள். ஒரே ஷாஃப்டை வெர்னியரால் பத்து முறை அளந்தால் பத்து அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். விளக்கு எரிந்ததும் பட்டனை அழுத்தச் சொல்லி ஒரே ஆளைப் பத்து முறை சோதித்தால், ஒருமுறை 200 மில்லி விநாடி, அடுத்த முறை 260, பிறகு 230 என்று மாறிக்கொண்டே இருக்கும். மனிதனை அளப்பது இப்படித்தான். அளவுகள் சிதறும்போது அதற்குள் உண்மையான வேறுபாடு இருக்கிறதா, தற்செயலா என்று கண்டுபிடிப்பதே இந்தப் புள்ளியியல். கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுவிடும். எந்தக் கணக்கைப் போடச் சொல்வது, வந்த விடைக்கு என்ன அர்த்தம் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நம்மவர்கள் உண்மையில் தடுமாறும் இடம் வேறு. கட்டுரை எழுதுவது! ரெக்கார்டு நோட்டில் நோக்கம், கருவிகள், செய்முறை, முடிவு என்று எழுதிப் பழகிய கை. அங்கே, "நினைவாற்றல் பற்றிய இரண்டு கொள்கைகளை ஒப்பிட்டு மதிப்பிடுக" என்று 2000 வார்த்தை கேட்பார்கள். ஒவ்வொரு கூற்றுக்கும் ஆதாரம் காட்ட வேண்டும். பிறர் எழுதியதை அப்படியே எடுத்து வைத்தால் கருத்துத் திருட்டு என்று தண்டனை உண்டு. எனவே சேருவதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே வாரம் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் சொந்தமாக எழுதிப் பழகுங்கள். இதற்கு நிகரான முன்தயாரிப்பு வேறில்லை.

பிராஜெக்ட் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே 'ஜாப்' இரும்பல்ல, மனிதர். அவரிடம் சம்மதம் பெறாமல் ஒரு கேள்விகூடக் கேட்கக் கூடாது. பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு அனுமதி தந்த பிறகே தகவல் திரட்ட வேண்டும். அந்த அனுமதிக்கு வாரக்கணக்கில் ஆகலாம். திட்டத்தில் அதற்கும் இடம் விடுங்கள்.

6. நேரக் கணக்கு

பிரிட்டிஷ் எம்.எஸ்ஸி. ஒன்றுக்கு 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேர உழைப்பு என்பது அங்குள்ள பொதுக் கணக்கு. ஆக மொத்தம் 1800 மணி நேரம். இதை வகுத்துப் பாருங்கள்:

ஓராண்டில் முடிக்க: வாரம் சுமார் 35 மணி.
இரண்டு ஆண்டில் முடிக்க: வாரம் சுமார் 17 மணி.
மூன்று ஆண்டில் முடிக்க: வாரம் சுமார் 11½ மணி.

ஒரு வாரம்கூட விடுமுறை எடுக்காமல் படித்தால் இந்தக் கணக்கு. பொங்கல், காய்ச்சல், கல்யாணம் காட்சி எல்லாம் போக ஆண்டுக்கு 45 வாரம்தான் கிடைக்கும் என்று வைத்தால், இரண்டு ஆண்டுத் திட்டத்துக்கு வாரம் 20 மணி வேண்டும். வேலைக்குப் போகிறவர் தினமும் இரண்டு மணி நேரமும், சனி ஞாயிறில் ஐந்து ஐந்து மணி நேரமும் உட்கார வேண்டும். வீட்டில் சிறு குழந்தை இருந்தால் மூன்று ஆண்டுத் திட்டமே நல்லது. "சீக்கிரம் முடிச்சிடலாம்" என்று ஓராண்டுத் திட்டத்தில் சேர்ந்துவிட்டு முழுநேர வேலையும் பார்ப்பது, ஒரே மோட்டாரில் இரட்டை லோடு போடுவது மாதிரி. காயில் கருகிவிடும்.

சில பல்கலைக்கழகங்களில் ஒரு நேரத்தில் ஒரே பாடம்தான். 15 கிரெடிட் பாடத்தை எட்டு வாரத்தில் முடிக்கச் சொல்வார்கள். 150 மணியை எட்டால் வகுத்தால் வாரம் 19 மணி. இந்த முறையில் ஒரு வாரம் பின்தங்கினாலும் பிடிப்பது கஷ்டம். வேறு சில இடங்களில் பாடம் நீண்ட காலம் மெதுவாக நடக்கும். உங்கள் வேலை எப்படிப்பட்டது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்கு மெதுவாக நடப்பதே ஒத்துவரும்.

எப்படிப் பிரித்துப் படிப்பது என்பதற்கு உளவியலே பதில் சொல்கிறது. பிரிட்டிஷ் தபால் துறை, தபால்காரர்களுக்கு டைப்பிங் கற்றுத்தர வேண்டியிருந்தது. ஆலன் பேட்லி என்ற புகழ்பெற்ற உளவியலாளரும் லாங்மன் என்பவரும் அவர்களை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு தினம் ஒரு மணி நேரம் ஒரே முறை. இன்னொரு குழுவுக்கு இரண்டு மணி நேரம் வீதம் தினம் இரண்டு முறை. மற்ற இரு குழுக்களும் இடைப்பட்டவை. 1978-ல் வெளியான முடிவின்படி, தினம் ஒரு மணி நேரம் மட்டும் பயின்றவர்களே மொத்தத்தில் குறைந்த மணி நேரத்தில் கற்றுக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், தங்கள் பயிற்சி முறையைப் பற்றிக் குறைந்த திருப்தி கொண்டவர்களும் அவர்கள்தான்! நாள் கணக்கில் பார்த்தால் மெதுவாகப் போவதுபோல் தோன்றியதே காரணம். ஆகவே, தினமும் கொஞ்சம் படிக்கும்போது "ஒண்ணும் நகரலையே" என்று தோன்றினால் கலங்காதீர்கள். பரீட்சைக்கு முந்தின ராத்திரி விழித்துப் படிக்கும் நம் பாலிடெக்னிக் பழக்கம் இங்கே செல்லுபடியாகாது.

7. பணக் கணக்கு

கட்டணம் பல்கலைக்கழகத்தைப் பொறுத்து வேறுபடும். பத்தாயிரம் பவுண்டுக்குச் சற்று முன்பின் என்று வைத்துக்கொள்ளலாம். நம் பணத்தில் 10 லட்ச ரூபாய்க்கு மேலேயே போகும். இங்கிலாந்தில் நிலையான உரிமையோடு வாழ்பவர்களுக்கு, முதுகலைப் படிப்புக்கென்று அரசுக் கடன் 2016 முதல் கிடைக்கிறது. ஆன்லைன் படிப்புக்கும் பெறலாம். ஏற்கெனவே முதுகலைப் பட்டம் வைத்திருப்பவருக்குக் கிடையாது. வேலை விசாவில் மட்டும் இருப்பவருக்கும் பொதுவாகக் கிடையாது. எம்.இ. முடித்துவிட்டு இதற்கு வர நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்தியாவிலிருந்து பவுண்டில் கட்டுபவர்கள் நாணய மாற்று விகிதம் ஏறும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பாடவாரியாகக் கட்டும் வசதி இருந்தால் அதையே எடுங்கள். பிடிக்காவிட்டால் ஒரு பாடத்தோடு நஷ்டம் நிற்கும்.

8. தமிழ்நாட்டிலிருந்தே படித்தால்?

"சார், இங்கிருந்தே ஆன்லைனில் படிச்சா லண்டன் போயிடலாம்னு ஏஜெண்ட் சொல்றாரே?"

போக முடியாது, அம்மா. முழுக்க ஆன்லைனில் நடக்கும் படிப்புக்கு பிரிட்டன் மாணவர் விசா தருவதில்லை. படித்து முடித்தபின் அங்கே தங்கி வேலை தேடுவதற்கான கிராஜுவேட் விசாவும், மாணவர் விசாவில் அங்கேயே போய்ப் படித்தவர்களுக்குத்தான். இதை மறைத்து யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்து, இங்கே தொழில் செய்ய முடியுமா? 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலான ஆர்.சி.ஐ. ஏற்றுக்கொண்ட படிப்பும் மேற்பார்வையோடு கூடிய பயிற்சியும் வேண்டும். பிரிட்டிஷ் ஆன்லைன் பட்டம் அந்த இடத்தை நிரப்பாது. உளவியல் உள்ளிட்ட சுகாதாரம் சார்ந்த படிப்புகளை இந்தியக் கல்வி நிறுவனங்கள் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று 2025-ல் யு.ஜி.சி. அறிவித்துவிட்டது. நேரில் பயிலாத உளவியல் பட்டத்தை இங்கே எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கு அது ஓர் அறிகுறி. அரசு வேலைக்கோ ஆராய்ச்சிக்கோ வெளிநாட்டுப் பட்டத்தைக் காட்ட வேண்டுமானால் இணைச் சான்று பெற வேண்டும். அது கிடைக்குமா என்று சேருவதற்கு முன்பே எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, பிரிட்டனில் வாழ்பவருக்கு அல்லது அங்கே வாழப்போவது உறுதியானவருக்கு இந்தப் பட்டம் நல்ல பாலம். தமிழ்நாட்டிலேயே மனநலத் தொழில் செய்ய விரும்புபவர், இங்குள்ள கல்லூரிகளில் நேரில் உளவியல் படித்து ஆர்.சி.ஐ. வழியில் செல்வதே முறை. பணமும் மிச்சம்.

9. டிப்ளமோ மாணவருக்கு ஒரு கால அட்டவணை

டிப்ளமோவை மட்டும் வைத்துக்கொண்டு கன்வர்ஷன் எம்.எஸ்ஸி.யில் சேர முடியாது. பட்டம் வேண்டும். எனவே இறுதியாண்டு மாணவர் ஒருவர் இப்படித் திட்டமிடலாம்.

முதல் மூன்று ஆண்டுகள்: லேட்டரல் என்ட்ரி மூலம் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்து, அரியர்ஸ் இல்லாமல் முடித்தல். மதிப்பெண் முக்கியம். இந்த ஆண்டுகளில் உளவியல் அறிமுகப் புத்தகம் ஒன்றையாவது முழுமையாகப் படித்துவிட வேண்டும். மேலோட்டமான ஆசையா, நிஜமான ஈடுபாடா என்று அப்போதே தெரிந்துவிடும்.

அடுத்த இரண்டு ஆண்டுகள்: வேலை. பணம் சேர்த்தல். வார இறுதியில் சிறப்புப் பள்ளி, முதியோர் இல்லம், தொலைபேசி உதவி மையம் போன்ற ஏதேனும் ஓர் இடத்தில் தொண்டு. தொழிற்சாலையில் இருப்பவர் விபத்துப் பதிவேட்டைக் கவனித்து, எந்த ஷிஃப்டில், எந்த வேலையில் தவறு கூடுகிறது என்று குறிப்பெடுக்கலாம். பின்னாளில் பிராஜெக்டுக்குத் தலைப்பே அதிலிருந்து கிடைக்கக்கூடும்.

சேருவதற்கு முந்தைய ஓராண்டு: எட்டுக் கேள்விகளுக்கும் பதில் திரட்டல், டிரான்ஸ்கிரிப்ட், மதிப்பெண் பட்டியல்கள், இரண்டு பரிந்துரைக் கடிதங்கள், ஆங்கிலத் தேர்வு. ஐ.ஈ.எல்.டி.எஸ்.-ல் 6.5 என்பது பல இடங்களில் கேட்கும் அளவு.

படிக்கும் இரண்டு மூன்று ஆண்டுகள்: படிப்போடு அனுபவத்தையும் சேர்த்துக்கொண்டே போதல். பட்டம் வாங்கிய பிறகு அனுபவம் தேடத் தொடங்கினால் இன்னும் இரண்டு ஆண்டு கூடும்.

மொத்தம் எட்டு, ஒன்பது ஆண்டுகள் ஆகிறதே என்று மலைக்க வேண்டாம். இதில் ஆறு ஆண்டுகள் நீங்கள் எப்படியும் செய்யப்போகிற பி.இ.யும் வேலையும்தான். உளவியலுக்கென்று தனியாகச் செலவாவது இரண்டு மூன்று ஆண்டுகளே. பதினைந்து வயதில் எடுத்த முடிவை மாற்றக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் இந்த முறை எடுக்கும் முடிவு, ஒரு ட்ராயிங்கைப் போல, அளவுகள் எல்லாம் குறிக்கப்பட்டதாக இருக்கட்டும். போகும் ஊர் எது, அதற்கு என்ன பயிற்சி, அந்தப் பயிற்சி எந்தப் பட்டத்தைக் கேட்கிறது, அந்தப் பட்டத்துக்கு எவ்வளவு நேரமும் பணமும் என்று கடைசியிலிருந்து முதலுக்கு எழுதிப் பாருங்கள். அப்படி எழுதிய தாளில் ஓர் இடம் காலியாக இருந்தால், அதை நிரப்பும் வரை கட்டணம் கட்டாதீர்கள்.

எல்லாம் நிரம்பிவிட்டதா? தயங்காமல் சேருங்கள். இயந்திரத்தைப் புரிந்துகொண்டவர் மனிதனையும் புரிந்துகொள்ள முன்வந்தால் தொழிலுக்கும் நல்லது, தொழிலாளிக்கும் நல்லது. வாழ்த்துகள்!